கழிவுநீரும் ஒரு நீராதாரம்: சென்னையின் குடிநீர்த் திட்டமிடலில் மறுசுழற்சி நீர்

1. கழிவுநீர் என்னும் வளம்

ஒரு நகரத்துக்கு வழங்கப்படும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு, பயன்பட்டு முடிந்ததும் கழிவுநீராகத் திரும்புகிறது. சாக்கடைக் குழாய்களின் அளவை இந்தியப் பொறியாளர்கள் இந்த விகிதத்தைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். குளித்த நீர், துணி துவைத்த நீர், பாத்திரம் கழுவிய நீர், கழிப்பறை நீர் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். பார்வைக்கும் மணத்துக்கும் அருவருப்பாக இருந்தாலும், இதில் 99.9 விழுக்காடு தண்ணீர்தான். நீக்க வேண்டிய பொருள் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம். நகரம் பெருகப் பெருக ஏரிகள் சுருங்குகின்றன, நிலத்தடி நீர் இறங்குகிறது. கழிவுநீர் மட்டும் நகரத்தோடு சேர்ந்து வளர்கிறது.

இந்த வளத்தின் பெரும்பகுதி இன்று வீணாகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,237 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,020 கோடி லிட்டருக்குச் சற்று மேல், அதாவது மொத்தத்தில் 28 விழுக்காடு. எஞ்சியது ஆறுகளையும் ஏரிகளையும் கெடுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆகவே மறுசுழற்சித் திட்டம் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்கிறது: நகரத்துக்குப் புதிய நீராதாரம் ஒன்றைத் தருகிறது, இருக்கும் நீராதாரங்கள் அழுகாமல் காக்கிறது.

2. சென்னையின் நிலை

சென்னைக்கு வற்றாத ஆறு எதுவும் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையைப் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளில் பிடித்துவைத்து ஆண்டு முழுவதும் செலவிடுவதே நெடுங்கால வழக்கம். இந்நான்கின் மொத்தக் கொள்ளளவு 11.257 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). ஏரிகள் போதாதபோது நகரம் தொலைதூர நீரைத் தேடியது. 1983இல் ஆந்திரத்துடன் ஒப்பந்தம் செய்து, 1996இல் கிருஷ்ணா நீரைப் பெற்றது. 2004இல் வீராணம் ஏரி நீர் வந்தது. பிறகு நகரம் கடலை நோக்கித் திரும்பியது. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறன்கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கின.

இவ்வளவுக்குப் பிறகும் 2019 கோடையில் நான்கு ஏரிகளும் வறண்டன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த வழங்கல் 52.5 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அதே மாதங்களிலும் நகரத்தின் கழிவுநீர் கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் ஓடிக் கடலில் கலந்துகொண்டுதான் இருந்தது.

கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் மொத்தத் திறன் நாளொன்றுக்கு 70 கோடி லிட்டருக்கு மேல். முழுத் திறனில் இயங்கினால் ஓராண்டில் இது ஏறத்தாழ 9 டி.எம்.சி. ஆகும். நான்கு ஏரிகளும் ததும்பி நிற்கும்போது கொள்ளும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு இது. ஏரி நிரம்புவது வானத்தைப் பொறுத்தது. இந்த நீர் நாள் தவறாமல் நிலையத்தின் வாயிலுக்கு வந்து சேர்கிறது.

சென்னைக்கு வேறொரு சாதகமும் உண்டு. 1978இல் தொடங்கப்பட்ட சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் குடிநீர், கழிவுநீர் இரண்டையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வைத்திருக்கிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் இவ்விரண்டும் வெவ்வேறு அமைப்புகளின் பொறுப்பில் இருந்தமையால் மறுசுழற்சிக்காக அவை தனியே கூட்டு முயற்சி ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

3. எவ்வளவு நீர் உண்மையில் கிடைக்கும்

திட்டமிடலின் முதல் படி அளவைக் கணக்கிடுவது. சுத்திகரிப்புத் திறனை அப்படியே புதிய நீராக எழுதிவிட முடியாது. மூன்று கழிப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

முதலாவது, நிலையத்தை வந்தடையாத நீர். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்களில் கழிவுநீர் செப்டிக் டேங்கிலோ மழைநீர் வடிகாலிலோ போய்ச் சேர்கிறது. சென்னை மாநகராட்சியுடன் 2011இல் இணைந்த புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் நெடுங்காலம் இந்த நிலைதான். அங்கே புதிய நீராதாரம் என்பது சாக்கடை இணைப்பிலிருந்தே தொடங்குகிறது.

இரண்டாவது, இப்போதே அந்த நீரை நம்பி இருப்பவை. கடலிலிருந்து விலகிய உள்நிலப் பகுதி நகரங்களில் கழிவுநீர் கீழ்நிலை விவசாயிகளின் பாசன நீராகிறது. அதை நகரம் திரும்ப எடுத்துக்கொண்டால் ஒருவருடைய வயல் காயும். சென்னை போன்ற கடற்கரை நகரத்தில் இந்தச் சிக்கல் குறைவு. கடலுக்குப் போகும் நீரைத் திருப்பினால் அது முழுக்க முழுக்கப் புதிய ஆதாயம். ஆயினும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் போன்றவற்றுக்குப் போய்ச் சேரும் நீரில் எவ்வளவை அங்கேயே விட வேண்டும், எந்தத் தரத்தில் விட வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நிலம் அது.

மூன்றாவது, சுத்திகரிப்பிலேயே இழக்கப்படும் நீர். ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் உள்ளே செலுத்தும் கழிவுநீரில் பொதுவாக 75 முதல் 85 விழுக்காடுதான் நன்னீராக வெளிவரும். எஞ்சியது உப்பும் பிற மாசுகளும் செறிந்த அடர்கழிவு.

இவற்றைக் கழித்த பிறகும் ஆதாயம் பெரிது. நகரத்துக்குள் வரும் ஒவ்வொரு லிட்டரிலும் பாதி மட்டும் சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் வழங்கலுக்குத் திரும்புகிறது என்று கொள்வோம். திரும்பிய அரை லிட்டரிலும் பாதி மறுபடி திரும்பும்; அதிலும் பாதி திரும்பும். கூட்டிப் பார்த்தால் ஒரு லிட்டர் புதுநீர் இரண்டு லிட்டரின் வேலையைச் செய்திருக்கும். கடலிலிருந்து மிகுந்த மின்சாரம் செலவிட்டு எடுத்த நீரை ஒரே முறை பயன்படுத்திவிட்டு மீண்டும் கடலுக்கே அனுப்புவது எவ்வளவு பெரிய விரயம் என்பது இந்தக் கணக்கால் விளங்கும். அதேவேளை, மறுசுழற்சி தன்னந்தனியே வறட்சியை வெல்லாது. உள்ளே வரும் நீர் பாதியானால் திரும்பும் நீரும் பாதியாகும். ஏரி, கடல்நீர், மறுசுழற்சி நீர் மூன்றும் ஒன்றையொன்று தாங்க வேண்டும்.

4. சுத்திகரிப்பின் படிகள்

வழக்கமான நிலையத்தில் முதலில் கம்பிச் சல்லடைகள் குப்பையையும், தொட்டிகள் மணலையும் பிரிக்கின்றன. அடுத்துப் படியவைக்கும் தொட்டியில் கனமான திடப்பொருள் அடியில் தங்குகிறது. பிறகு காற்றூட்டிய தொட்டிகளில் நுண்ணுயிர்கள் கரைந்துள்ள கரிமப் பொருளைத் தின்று தீர்க்கின்றன. இது இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு. இந்த நீரை ஆற்றில் விடலாம். ஆனால் இதில் நோய்க்கிருமிகளும் உப்பும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சேர்மங்களும் எஞ்சியிருக்கும்.

மூன்றாம் நிலையில்தான் அது வளமாகிறது. முதலில் மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வுகள் கலங்கலையும் பாக்டீரியாவையும் தடுக்கின்றன. அடுத்து ஆர்.ஓ. சவ்வுகள் உப்பு, வைரஸ், மருந்து எச்சங்கள் போன்றவற்றின் பெரும்பகுதியைப் பிரிக்கின்றன. கடைசியில் புற ஊதாக் கதிர் எஞ்சிய கிருமிகளை முடக்குகிறது. குடிநீருக்குப் போகும் நீரில் புற ஊதாக் கதிரோடு ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கப்படுகிறது. என்.டி.எம்.ஏ., 1,4-டையாக்சேன் போன்ற மிகச் சிறிய மூலக்கூறுகள் ஆர்.ஓ. சவ்வையும் கடந்துவிடும் என்பதே இதற்குக் காரணம்.

ஒரு படி தவறினாலும் அடுத்த படி காக்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் அடிப்படை. நிலத்தடி வழியாகக் குடிநீருக்குப் போகும் மறுசுழற்சி நீருக்குக் கலிபோர்னியா வகுத்துள்ள விதி, கழிவுநீரில் இருந்த வைரஸ்களில் லட்சம் கோடிக்கு ஒன்றுக்கு மேல் எஞ்சக் கூடாது என்கிறது. ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் ஆகிய ஒட்டுண்ணிகளுக்கு ஆயிரம் கோடிக்கு ஒன்று என்பது வரம்பு. எந்த ஒரு படியும் தனியாக இதைச் சாதிக்க முடியாது.

5. எந்த நீர் எந்தப் பயனுக்கு

எல்லாக் கழிவுநீரையும் குடிநீர்த் தரத்துக்கு உயர்த்துவது தேவையற்ற செலவு. எந்தப் பயனுக்கு எந்தத் தரம் போதும் என்று பிரிப்பதே திட்டமிடலின் மையம்.

தொழிற்சாலைகள் முதலிடம் பெறுகின்றன. குளிரூட்டும் கோபுரங்களுக்கும் கொதிகலன்களுக்கும் நாள்தோறும் ஒரே சீரான நீர் வேண்டும்; அதற்கு விலை கொடுக்கவும் ஆலைகளால் இயலும். மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களின் தொடக்கத்திலேயே இரண்டாம் நிலைக் கழிவுநீரை வாங்கித் தங்கள் வளாகத்தில் மேலும் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கின. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகக் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறன்கொண்ட மூன்றாம் நிலை ஆர்.ஓ. ஆலைகள் அமைக்கப்பட்டன. கொடுங்கையூர் ஆலையின் நீர் வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கும், கோயம்பேட்டு ஆலையின் நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் வளாகங்களுக்கும் உரியவை. ஆலைகளுக்குப் போகும் ஒவ்வொரு லிட்டர் மறுசுழற்சி நீரும் ஏரி நீரில் ஒரு லிட்டரை வீடுகளுக்கு விடுவிக்கிறது. நாக்பூரில் அனல் மின் நிலையத்துக்கும் சூரத்தில் பாண்டேசரா தொழிற்பேட்டைக்கும் இதே முறையில் நீர் தரப்படுகிறது. கழிவுநீர் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள அனல் மின் நிலையங்கள் அந்த நீரையே பயன்படுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தேசிய மின்கட்டணக் கொள்கை கூறுகிறது.

அடுத்தது கழிப்பறை, தோட்டம், கட்டுமானம், சாலை கழுவுதல் ஆகியவை. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சொந்தச் சுத்திகரிப்பு நிலையமும் கழிப்பறைக்குத் தனிக் குழாயும் இப்போது வழக்கமாகிவிட்டன. ஆனால் இரண்டு குழாய்களும் தவறுதலாக இணைந்துவிட்டால் குடிநீரே கெடும். குழாய்க்குத் தனி நிறம், தனி அளவு இணைப்பு, ஆண்டுதோறும் சோதனை ஆகியவை இல்லாமல் இரட்டைக் குழாய் முறையை விரிவாக்குவது ஆபத்து. பழைய நெருக்கமான தெருக்களில் இரண்டாவது குழாய் பதிப்பது செலவுக்கும் கட்டுப்படியாகாது.

மூன்றாவது, இயற்கை நீர்நிலை வழியாகக் குடிநீரில் சேர்ப்பது. உயர்தரத்தில் சுத்திகரித்த நீரை ஏரியிலோ நிலத்தடியிலோ விட்டு, சில காலம் கழித்து எடுத்து, வழக்கமான குடிநீர்ச் சுத்திகரிப்புக்கு உட்படுத்தி வழங்குவது இதன் முறை. ஆரஞ்சு கவுன்டியில் 2008 முதல் இயங்கும் அமைப்பு இதற்கு முன்மாதிரி. அங்கே ஒரு பகுதி நீர் ஊறுகுளங்கள் வழியாக நிலத்துக்குள் செல்கிறது. மறுபகுதி கடலோரக் கிணறுகளில் செலுத்தப்பட்டு, கடல்நீர் உள்ளே புகாமல் தடுக்கிறது. வடசென்னைக்கு இது நேரடிப் பாடம். அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் ஏறியிருக்கிறது. ஏரி வழிக்கு நெசப்பாக்கமும் பெருங்குடியும் தொடக்கமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. நாளொன்றுக்குத் தலா 1 கோடி லிட்டரை நுண்வடிகட்டல் செய்து அருகிலுள்ள ஏரிகளில் சேர்ப்பது அத்திட்டங்களின் நோக்கம்.

ஏரியில் விடுவதற்கு முன் நீரின் தரத்தை உறுதி செய்யாவிட்டால் வளம் கேடாகிவிடும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்த நீர் ஏரியில் சேர்ந்தால் ஆகாயத்தாமரையும் பாசியும் பெருகும். பெங்களூரின் கழிவுநீரை இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018இல் தொடங்கியது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டருக்கு வகுக்கப்பட்ட அத்திட்டத்தால் வறண்ட மாவட்டத்தின் ஏரிகளில் நீர் நின்றது. கூடவே நீரின் தரம் பற்றிய வழக்கும் எழுந்தது. மூன்றாம் நிலையைத் தவிர்த்து மிச்சம்பிடிக்கும் பணம் பிறகு நம்பிக்கை இழப்பாகத் திரும்பிவரும்.

நான்காவது, நேரடியாகக் குடிநீர்க் குழாயில் சேர்ப்பது. நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹுக் 1968 முதல் இதைச் செய்துவருகிறது. வறண்ட நிலத்தின் நடுவே வேறு வழியற்ற நகரம் அது. 2002இல் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர் திறன்கொண்ட புதிய ஆலையை அமைத்தது. ஏரியோ நிலமோ இடையில் இல்லாததால் பிழை திருத்த அவகாசம் குறைவு. கண்காணிப்பு மணிக்கணக்கில் அல்லாமல் நிமிடக்கணக்கில் நடக்க வேண்டும். சென்னைக்கு ஏரிகளும் கடலோர மணல் நிலமும் இருக்கையில் இந்த வழி கடைசியாகக் கருதத்தக்கது.

6. பாதுகாப்பு தொடங்கும் இடம்

மறுசுழற்சி நீரின் பாதுகாப்பு ஆலையில் தொடங்குவதில்லை. சாக்கடையின் முதல் இணைப்பில் தொடங்குகிறது. சாயப்பட்டறை, மின்முலாம் பூசும் பட்டறை, தோல் பதனிடும் கூடம், ஆய்வகம், மருத்துவமனை ஆகியவற்றின் கழிவு வீட்டுக் கழிவுநீரோடு கலந்தால் எந்தச் சவ்வும் முழு உத்தரவாதம் தராது. ஆகவே சாக்கடையில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்ற பட்டியலும், தொழில்வாரியான கணக்கெடுப்பும், முக்கியச் சந்திப்புகளில் தொடர் மாதிரிச் சோதனையும் ஆலை கட்டுவதற்கு முன்பே நடைமுறைக்கு வர வேண்டும். இரவில் டேங்கர் லாரிகள் மேன்ஹோல்களில் கழிவைக் கொட்டுவதைத் தடுப்பதும் குடிநீர்ப் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

உப்பும் இதே வகைச் சிக்கல்தான். கடலோரத்தில் பழுதான சாக்கடைக் குழாய்களுக்குள் உவர்நீர் கசிந்து இறங்குகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரும் வீடுகள் வழியாகச் சேர்கிறது. குழாய்களைச் செப்பனிட்டால் ஆர்.ஓ. ஆலையின் சுமையும் மின்செலவும் குறையும்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் நிற்பவர் துப்புரவுத் தொழிலாளி. பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னும் விஷவாயு தாக்கி இறப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துயரப் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் உள்ளது. கழிவுநீரை வளம் என்று அழைக்கும் திட்டம் அதைக் கையாளும் மனிதரின் உயிரை முதலில் காக்க வேண்டும். அடைப்பெடுக்கும் எந்திரங்களும் நிரந்தரப் பணியும் மருத்துவக் காப்பும் ஆலையின் திட்டச் செலவிலேயே இடம்பெற வேண்டும்.

7. மின்சாரம், அடர்கழிவு, செலவு

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. நகரக் கழிவுநீரில் ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் போவதில்லை. சவ்வின் வழியே நீரைத் தள்ளத் தேவைப்படும் அழுத்தம் உப்பின் அளவைப் பொறுத்தது. அதனால் கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும்போது, இரண்டாம் நிலைக் கழிவுநீரிலிருந்து அதே அளவை எடுக்க ஏறத்தாழ 1 யூனிட் போதுமானது. புதிய கடல்நீர் ஆலை கட்டுவதற்கு முன் இந்த ஒப்பீட்டைச் செய்வது பொதுப்பணத்தைக் காப்பதாகும்.

அடர்கழிவை எங்கே விடுவது என்பதற்குத் தெளிவான விடை வேண்டும். கடற்கரை நகரம் அதைக் குழாய் வழியே கடலுக்குள் விடலாம். ஆனால் கழிவுநீரின் அடர்கழிவில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் செறிந்திருப்பதால் அவற்றைக் குறைத்த பிறகே விட வேண்டும். எண்ணூர்க் கழிமுகம் போன்ற, மீனவர் வாழ்வு சார்ந்த ஆழமற்ற நீர்ப்பரப்புகள் இதற்கு ஏற்றவை அல்ல.

ஆலை கட்டும் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. நடத்தும் செலவு மறைந்திருக்கிறது. சவ்வுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். மின்சாரம், வேதிப்பொருள், ஆய்வகம், பயிற்சி பெற்ற இயக்குநர்கள் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் நிதி வேண்டும். தொழிற்சாலைகளோடு நீண்டகால ஒப்பந்தம் செய்வது இதற்கான வருவாயை உறுதி செய்யும். ஆனால் நிலத்தடி நீரை ஆலைகள் விலையின்றி இறைக்க முடியும் வரை மறுசுழற்சி நீருக்குச் சந்தை அமையாது. நிலத்தடி நீர்க் கட்டுப்பாடும் மறுசுழற்சித் திட்டமும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

8. மக்களின் நம்பிக்கை

ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரம் கடும் வறட்சியின்போது மறுசுழற்சி நீரைக் குடிநீரில் சேர்க்கத் திட்டமிட்டது. 2006 ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்தனர். அதே நாட்டின் பெர்த் நகரம் வேறு வழியில் சென்றது. 2010 முதல் 2012 வரை சோதனை ஆலையை இயக்கி, நிலத்தடியில் செலுத்திய நீரின் தரத்தை வெளிப்படையாக அறிவித்து, மக்கள் நேரில் வந்து பார்க்கவும் வழிசெய்தது. 2017இல் முழு அளவிலான திட்டம் தொடங்கியது.

சிங்கப்பூரின் வரலாறும் பொறுமையைக் கற்பிக்கிறது. 1974இல் அங்கே தொடங்கிய சோதனை ஆலை, அக்காலச் சவ்வுகளின் விலையும் நம்பகமின்மையும் காரணமாகக் கைவிடப்பட்டது. தொழில்நுட்பம் முதிர்ந்த பிறகு 2000இல் மீண்டும் சோதனை ஆலை இயங்கியது. வல்லுநர் குழு இரண்டாண்டுகள் ஆய்ந்து 2002இல் ஒப்புதல் தந்தது. அவ்வாண்டு தேசிய தின நிகழ்ச்சியில் பிரதமர் கோ சோக் டோங்கும் பல்லாயிரம் மக்களும் அந்த நீரை அருந்தினார்கள். 2003இல் ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் அதன் வழங்கல் தொடங்கியது. இன்றும் அதன் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கே போகிறது. சிறு பகுதி, வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கங்களில் கலக்கிறது. நாட்டின் தேவையில் 40 விழுக்காடு வரை அதனால் நிறைவு செய்ய முடியும்.

சென்னை மக்கள் குழாய் நீரையே முழுமையாக நம்பாமல் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். குழாய் நீரின் அன்றாடத் தரத்தைப் பகுதிவாரியாக வெளியிட்டு, தவறு நேர்ந்தால் ஒளிக்காமல் அறிவித்து, பல ஆண்டுகள் நடத்திக்காட்டினால்தான் மறுசுழற்சி நீருக்கும் நம்பிக்கை பிறக்கும். ஆலையை இயக்கும் வாரியமே அதன் தரத்துக்குச் சான்று அளிப்பது போதாது. பல்கலைக்கழக வல்லுநர்களும் மருத்துவர்களும் குடியிருப்போரும் இடம்பெறும் தனிக்குழு வேண்டும். நிலத்தடியிலும் ஏரியிலும் சேர்க்கும் நீருக்கான தேசியத் தர விதிகளும் சட்டவலிமையோடு வகுக்கப்பட வேண்டும். ஏழைகள் வாழும் பகுதிக்கு மறுசுழற்சி நீர், வசதியுள்ளோர் பகுதிக்கு ஏரி நீர் என்ற பிரிவு ஒருநாளும் உண்டாகக் கூடாது. பொது ஏரியில் கலந்து எல்லாருக்கும் ஒரே நீராக வழங்குவதே நீதியும் நம்பிக்கையும் சேர்ந்த வழி.

9. திட்டத்தின் வரிசை

மேற்கண்டவற்றிலிருந்து செயல்வரிசை ஒன்று கிடைக்கிறது. முதற்கட்டத்தில் விடுபட்ட தெருக்களுக்குச் சாக்கடை இணைப்பு, குழாய்களைச் செப்பனிடுதல், தொழிற்கழிவைப் பிரித்தல், தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவை வர வேண்டும். இரண்டாம் கட்டத்தில் நகரையொட்டிய தொழிற்பேட்டைகள் அனைத்தையும் மறுசுழற்சி நீருக்கு மாற்றி, அவை பயன்படுத்தும் ஏரி நீரையும் நிலத்தடி நீரையும் குடிநீருக்கு விடுவிக்க வேண்டும். அந்த ஆலைகளை நடத்துவதிலேயே இயக்குநர்களும் ஆய்வகங்களும் தேர்ச்சி பெறுவார்கள். மூன்றாம் கட்டத்தில் கடல்நீர் ஏறிய நிலத்தடிப் பகுதிகளுக்கும், சோதனைக்குத் தேர்ந்தெடுத்த ஏரிகளுக்கும் உயர்தர நீரைச் செலுத்தி, அதன் விளைவுகளைப் பல பருவங்கள் தொடர்ந்து அளந்து வெளியிட வேண்டும். அந்த அளவீடுகள் நிறைவளித்த பிறகே பெரிய குடிநீர் ஏரிகளில் கலப்பது நான்காம் கட்டமாகத் தொடங்க வேண்டும்.

இந்த வரிசையை வறட்சி ஆண்டில் அவசரமாகத் தொடங்க முடியாது. டூவூம்பா வறட்சியின் நடுவே மக்களிடம் கேட்டது. சிங்கப்பூர் முதல் முயற்சிக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே அந்த நீரை மக்கள் முன் வைத்தது. ஏரிகள் நிரம்பியிருக்கும் ஆண்டுகளே சாக்கடைகளைச் செப்பனிடவும் ஆலைகளைச் சோதிக்கவும் மக்களோடு பேசவும் ஏற்ற காலம்.